பாதுகாப்புத் துறை வேலைக்கு ஆர்க்கிடெக்சர் படம்: எந்தக் குறியீட்டு முறையில் வரைவது?

தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனைகளில் சேலமும் ஒன்று. கன்ட்ரோல் போர்டு, எம்பெடட் மென்பொருள் என்று செய்துகொண்டிருந்த எங்களைப் போன்ற சிறு நிறுவனங்களும் இப்போது துணை ஒப்பந்தம் வழியாக அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறோம். வெறும் பாகம் செய்து கொடுத்தவரை மெக்கானிக்கல் டிராயிங் போதுமாக இருந்தது. மென்பொருளும் சேர்ந்துவிட்டால், "சிஸ்டம் ஆர்க்கிடெக்சர் டயகிராம் அனுப்புங்க" என்று ஒரே வரியில் மெயில் வரும். எந்த முறையில் வரைவது என்று அதில் இருக்காது. அதை முடிவு செய்யும் வழிதான் இந்தப் பதிவு. மென்பொருள் படங்களுக்கான பொதுக் குறியீட்டு முறையான யூஎம்எல் கல்லூரியில் படித்திருப்பீர்கள், அதற்குள் போகவில்லை.

படி 1: ஒப்பந்தத்தைத் தேடிப் பாருங்கள்

மென்பொருளைத் திறக்கும் முன், கொடுக்க வேண்டிய ஆவணங்களின் பட்டியலைத் திறங்கள். எஸ்டிடி (மென்பொருள் வடிவமைப்பு ஆவணம்), ஐஆர்எஸ் (இடைமுகத் தேவைகள்), எஸ்எஸ்டிடி (சிஸ்டம் வடிவமைப்பு ஆவணம்) என்ற பெயர்கள் தென்பட்டால், அவை 1994இல் அமெரிக்காவில் வந்த மில்-எஸ்டிடி-498 (MIL-STD-498) தரத்தின் வாரிசுகள். அந்தத் தரத்தை 1998இலேயே ரத்து செய்துவிட்டார்கள், ஆனாலும் பெயர்கள் சாகவில்லை. ஆவணத்தில் என்னென்ன பகுதிகள் வேண்டும் என்றுதான் அது சொல்லும். குறியீட்டு முறை உங்கள் விருப்பம்.

டோடாஃப், நாஃப், யூஏஎஃப் என்று இருந்தால் கதை வேறு. முதலாவது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையுடையது, இரண்டாவது நேட்டோவுடையது, மூன்றாவதை வெளியிடுவது யூஎம்எல்லையும் வெளியிடும் ஓஎம்ஜி அமைப்பு. இவை மூன்றுமே "எந்தெந்தக் கோணத்தில் படம் வேண்டும்" என்று வரையறுப்பவை. உதாரணத்துக்கு டோடாஃபில் ஓவி-1 என்பது மொத்தச் செயல்பாட்டையும் ஒரே பார்வையில் காட்டும் படம். மலை, வண்டி, ரேடியோ அலை என்று கார்ட்டூன் போல வரைந்தாலும் தவறில்லை. எஸ்வி-1 என்பது எந்த சிஸ்டம் எதோடு இணைகிறது என்று காட்டுவது. அதை யூஎம்எல்லிலும் வரையலாம், வன்பொருளும் சேர்ந்த சிஸ்டங்களுக்காக அதிலிருந்து வளர்ந்த சிஸ்எம்எல்லிலும் வரையலாம். டோடாஃப் பட்டியலில் உள்ள ஐம்பது சொச்சம் படங்களையும் வரைய உட்காராதீர்கள், கேட்டதை மட்டும் கொடுங்கள்.

படி 2: யார் பார்க்கப் போகிறார்?

திட்ட மேலாளருக்கு ஓவி-1 பாணிப் படம் ஒன்று போதும். உங்கள் மென்பொருள் குழுவுக்கு சி4 (மொத்த சிஸ்டத்தில் தொடங்கி நிரல் வரை நான்கு அடுக்காக வரையும் முறை), அதிலும் முதல் இரண்டு அடுக்குகள். மூன்றாவது அடுக்கு தேவைப்பட்டால் பார்க்கலாம், நான்காவதை யாரும் வரைவதில்லை. வன்பொருளையும் மென்பொருளையும் சேர்த்து மாட்டப்போகும் இன்டெக்ரேஷன் இன்ஜினியருக்கு சிஸ்எம்எல்லின் ஐபிடி படம், அதாவது உள்ளே இருக்கும் பாகங்கள் எப்படி இணைகின்றன என்று காட்டுவது.

படி 3: இணைப்பு வரையும் இடம்

எல்லோரும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள், அதனால் மெதுவாகப் போவோம்.

உண்மையான வேலையின் படத்தை இங்கே போட முடியாது. கற்பனையாக ஒன்று: ஏற்காடு லேடீஸ் சீட்டில் ஒரு வண்டி நிற்கிறது, அதன் மேல் இரண்டு கண்காணிப்புக் கேமராக்கள், வண்டிக்குள் ஒரு கட்டுப்பாட்டுக் கணினி. சி4இல் வரைந்தால் கணினிப் பெட்டியிலிருந்து கேமராப் பெட்டிக்கு ஒரு அம்புக்குறி, மேலே "வீடியோ கேட்கிறது" என்று ஒரு குறிப்பு. மென்பொருள்காரருக்கு அது போதும். கேபிள் போடுகிறவர் என்ன செய்வார்?

ஐபிடியில் அதே ஒரு கோடு மூன்றாகப் பிரியும்: ராணுவ வண்டிகளில் வழக்கமான 28 வோல்ட் டிசி மின்சாரம், ஈதர்நெட்டில் வரும் வீடியோ, கேமராவைத் திருப்ப ஆர்எஸ்-422 சீரியல் இணைப்பில் போகும் கட்டளை. ஒவ்வொன்றுக்கும் பெட்டியின் விளிம்பில் தனித்தனி போர்ட். பின்னால் கனெக்டர் பட்டியல் எழுதும்போது இந்தப் போர்ட் பெயர்களை அப்படியே எடுத்துப் போடலாம்.

வரிசை முக்கியம். முதலில், என்னென்ன வகைப் பிளாக்குகள் உண்டு என்று காட்டும் பிடிடி படத்தில் "கேமரா" என்று ஒரு பிளாக்கை ஒரே ஒரு முறை வரையறுங்கள். ஐபிடியில் அதை "பகல் கேமரா", "இரவு கேமரா" என்று இரண்டு பார்ட்டாகப் பயன்படுத்துங்கள். பிடிடியிலேயே இரண்டு பிளாக் போட்டுவிட்டால், நாளைக்கு ஒரு போர்ட் மாறும்போது இரண்டு இடத்தில் திருத்த வேண்டிவரும். ஒரு இடம் நிச்சயம் விட்டுப்போகும்.

அடுத்தது அம்புக்குறி. மேலே உள்ள சி4 படத்தில் அம்பு கணினியிலிருந்து கேமராவை நோக்கிப் போகிறது, ஏனென்றால் கணினிதான் வீடியோவைக் கேட்கிறது. ஐபிடியில் கோட்டின் மேல் இருக்கும் கறுப்பு முக்கோணம் எது பாய்கிறது என்று சொல்வது. வீடியோ கேமராவிலிருந்து கணினிக்கு வருகிறது, அதனால் அது எதிர்த்திசையில் இருக்கும். இரண்டும் சரிதான். ஆனால் ஒரே தாளில் இரண்டையும் கலந்துவிட்டால், ஃபயர்வால் விதி எழுதுகிறவர் இணைப்பைத் தொடங்குவது யார் என்பதைத் தலைகீழாகப் புரிந்துகொள்வார். ஒரு படத்துக்கு ஒரு அர்த்தம் என்று வைத்துக்கொண்டு, மூலையில் "அம்பு = தரவு பாயும் திசை" என்று எழுதிவிடுங்கள்.

படி 4: கருவி

என் ஓட்டு பிளான்ட்யூஎம்எல்லுக்கு. படம் எழுத்தாக இருப்பதால் கிட் (Git) என்ற பதிப்புக் காப்பகத்தில் போட்டுவைத்து, போன பதிப்புக்கும் இதற்கும் என்ன மாறியது என்று வரி வரியாகப் பார்க்கலாம். ஆனால் அதன் இணையதளத்தில் வரையவே வரையாதீர்கள். நீங்கள் எழுதும் படம் முழுவதும் சுருக்கப்பட்டு அந்த இணைய முகவரிக்குள்ளேயே போய் உட்காரும். முகவரியைக் கண்டவர் படத்தைக் கண்டவர். எடிட்டரில் நிறுவும் நீட்சிகளிலும் வெளி சர்வர் அமைப்பு இருக்கிறதா என்று பார்த்து, சொந்தக் கணினிக்கு மாற்றுங்கள். ஜாவாவும் கிராஃப்விஸ்ஸும் வேண்டும்.

ஐபிடிக்கு மட்டும் பிளான்ட்யூஎம்எல் சரிப்படாது. அதற்கு டிரா.ஐஓவின் டெஸ்க்டாப் பதிப்பு, இணையம் இல்லாமலே ஓடும். வெறும் படமாக இல்லாமல், கருவியே புரிந்துகொள்ளும் மாடலாகவே வேண்டும் என்று கேட்டால் கேப்பெல்லாவைப் பாருங்கள், இலவசம். ஆனால் அது பின்பற்றுவது தேல்ஸ் நிறுவனம் உருவாக்கிய ஆர்க்காடியா முறை. சிஸ்எம்எல்லுக்குப் பக்கத்தில் வரும், ஆனால் அதுவே அல்ல. எதிர்த்தரப்பில் கேமியோ என்ற சிஸ்எம்எல் கருவி வைத்திருந்தால் கேப்பெல்லா கோப்பு அங்கே அப்படியே திறக்காது, முதலிலேயே கேட்டுவிடுங்கள். சிஸ்எம்எல் 2ஐ ஓஎம்ஜி 2025இல் இறுதி செய்தது, அதில் எழுத்து வடிவமே உண்டு. எனக்குப் பிடித்திருக்கிறது. வாடிக்கையாளரின் கருவி இன்னும் ஒன்றாம் பதிப்பில் இருந்தால் நம் பிடித்தத்துக்கு அங்கே வேலை இல்லை.

பின்சேர்க்கை

இணையம் துண்டிக்கப்பட்ட கணினியில் சி4 நூலகம் ஏறவில்லை என்று சிலர் கேட்டார்கள். இன்க்ளூட் வரியில் கிட்ஹப் முகவரியைக் கொடுத்திருந்தால் அப்படித்தான் ஆகும். சி4 நூலகம் பிளான்ட்யூஎம்எல்லோடு சேர்ந்தே வருகிறது. முகவரியை எடுத்துவிட்டு, கோண அடைப்புக்குள் நூலகத்தின் பெயரை மட்டும் கொடுங்கள்.

இன்னொன்று, நிறம். சி4இன் நீலப் பெட்டிகள் கறுப்பு வெள்ளை ஜெராக்ஸில் ஒரே சாம்பல் நிறமாகிவிடுகின்றன, மறுஆய்வுக் கூட்டத்துக்குப் பெரும்பாலும் ஜெராக்ஸ்தான் போகிறது. நம்முடையது, வெளியார் கொடுப்பது என்ற வேறுபாட்டை நிறத்தில் விடாமல் பெட்டிக்குள் எழுத்திலேயே போடுங்கள். ஆவண எண், பதிப்பு எண், ரகசிய நிலை மூன்றும் ஒவ்வொரு தாளிலும் இருக்கட்டும்.