டொமைன் யார் கையில் இருக்கிறது?

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள பாசிக்குடாவை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாகத்தான் எழுதுகிறார்கள். ஒரு 'எஸ்' போடுபவர், இரண்டு 'எஸ்' போடுபவர், கடைசியில் 'எச்' சேர்ப்பவர் என்று ஹோட்டல் பெயர்ப்பலகைகளே ஒத்துப்போவதில்லை. வாழைச்சேனை இன்னும் மோசம்: 'ழ'வுக்கு என்ன எழுத்து, 'ச்சே'க்கு எத்தனை 'சி', எத்தனை 'எச்'? எங்கள் பக்கத்தில் விருந்தினர் விடுதியோ கடையோ நடத்துபவர் இணையத்தளத்துக்குப் பெயர் (அதைத்தான் டொமைன் என்கிறோம்) தேடும்போது முதலில் முட்டுவது இதில்தான். வாழைச்சேனையில் கணினி வகுப்பு நடத்தும் என்னிடம் கேட்டு வருபவர்களுக்கு நான் சொல்வது: முடிந்தால் ஊர்ப் பெயரைத் தவிருங்கள். தவிர்க்க முடியாதென்றால் இரண்டு எழுத்துக்கூட்டலையும் பதிந்து, ஒன்றை மற்றொன்றுக்குத் திருப்பிவிடுங்கள்.

பெயரைத் தேர்ந்த பிறகு ஒரு சோதனை செய்து பாருங்கள். மட்டக்களப்பில் இருக்கும் மச்சாளுக்குப் போன் எடுத்து அந்தப் பெயரை ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். அவர் எழுத்துப் பிசகாமல் எழுதினால் பெயர் சரி. நடுவில் கோடு போட்ட பெயர்கள் பெரும்பாலும் இதில் தோற்றுவிடும். விதிப்படி ஆங்கில எழுத்து, இலக்கம், கோடு ஆகியவை வரலாம். முதலிலும் முடிவிலும் கோடு வரக்கூடாது. புள்ளிக்கு முன்னால் 63 எழுத்து வரை போகலாம், ஆனால் 15க்கு மேல் போனால் பெயர் அட்டையில் பார்க்கவே களைப்பாக இருக்கும்.

புள்ளிக்குப் பின்னால் என்ன? வெளிநாட்டு விருந்தினரை எதிர்பார்த்தால் டொட் கொம். உள்ளூர் வாடிக்கையாளர் போதுமென்றால் டொட் எல்கே நன்றாக இருக்கும், இலங்கைக்காரர் என்பது பார்த்ததுமே தெரியும். 1990 முதல் இருக்கும் அதை எல்கே டொமைன் ரெஜிஸ்ட்ரி பார்த்துக்கொள்கிறது. தமிழிலேயே '.இலங்கை' என்று முடியும் பெயரும் 2010 இலிருந்து உண்டு. எனக்கு அது பிடிக்கும். ஆனால் அதை மட்டும் நம்பிக் கடை திறக்க வேண்டாம். சில இடங்களில் அது 'எக்ஸ்என்' என்று தொடங்கும் புரியாத எழுத்துக் கோவையாகத் தெரியும், சில மின்னஞ்சல் சேவைகள் ஏற்கவும் மாட்டா. கூடுதல் பெயராக வைத்துக்கொள்ளலாம்.

இனி வாங்குவது. வாங்குவது என்று சொல்கிறோமே தவிர, இது காணி உறுதி மாதிரி இல்லை, குத்தகை மாதிரி. டொட் கொம் பெயரை 1 வருடத்திலிருந்து 10 வருடம் வரை எடுக்கலாம், காலம் முடிய முடியப் புதுப்பிக்க வேண்டும். இந்த வகைப் பெயர்களுக்கு உலக அளவில் ஒழுங்கு வகுப்பது 1998 இல் தொடங்கிய ஐகான் என்ற அமைப்பு. அதன் அங்கீகாரம் பெற்ற பதிவு நிறுவனம் ஒன்றில் கணக்குத் திறப்பதுதான் உங்கள் வேலை. நேம்சீப், கோடாடி, கிளவுட்ஃபிளேர் போன்ற பெயர்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

விலையைப் பார்க்கும்போது கொட்டை எழுத்தில் இருப்பதைப் பார்க்க வேண்டாம், அது முதல் வருடத்துக்கான விலை. அதற்குக் கீழே சின்னதாக இருக்கும் புதுப்பிப்பு விலையைப் பாருங்கள். டொட் கொம்முக்குப் பதிவு நிறுவனங்கள் தாங்களே மேலிடத்துக்குக் கட்டும் மொத்த விலையே 10 டொலரைத் தாண்டிவிட்டது. ஆகவே 1 டொலருக்குத் தருகிறேன் என்பவர் மிச்சத்தை மறுவருடம் உங்களிடம்தான் எடுப்பார். பணம் கட்டும் பக்கத்தில் தளத்தை வைக்கும் இணைய இடம், மின்னஞ்சல், பாதுகாப்பு என்று தானாகவே 'சரி' போட்டிருக்கும். எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். விட்டுவைக்க வேண்டியது ஒன்று: டொமைன் யாருடையது என்று பார்க்கும் பொதுத் தேடலில் உங்கள் பெயரையும் போன் நம்பரையும் மறைக்கும் தனியுரிமை வசதி. பல நிறுவனங்கள் அதை இலவசமாகவே தருகின்றன. உங்கள் வங்கி அட்டை மறுக்கப்பட்டால் பதற வேண்டாம். வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு அந்த அட்டையில் திறந்திருக்கிறதா என்று வங்கிக்குப் போன் எடுத்துக் கேளுங்கள்.

கட்டியதும் ஒரு உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் வரும். பலர் இதை விளம்பரம் என்று அழித்துவிடுகிறார்கள். 15 நாளுக்குள் அதை உறுதிப்படுத்தாவிட்டால் பெயரை இடைநிறுத்திவிடுவார்கள். தளம் ஏன் திறக்கவில்லை என்று மறுகா தலையைப் பிய்க்க வேண்டிவரும்.

நான் அதிகம் மல்லுக்கட்டுவது அடுத்த விசயத்தில்.

வந்து கேட்பார்கள்: "டீச்சர், வெப்சைட் செய்து தந்த தம்பி கட்டாருக்குப் போயிட்டார், நம்பரும் மாறிட்டு. இப்ப என்ன செய்யிற?" யார் கணக்கில் பதிந்தது என்று கேட்டால், "எங்கட பேர்லதானே இருக்கு" என்பார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் கணக்கு அந்தத் தம்பியுடையது, மின்னஞ்சல் அவருடையது, அட்டையும் அவருடையது. தம்பி நல்ல பிள்ளைதான், ஏமாற்றும் நோக்கம் எதுவும் இல்லை. ஆனால் பதிவு நிறுவனத்தின் பார்வையில் உங்களை யாரென்றே தெரியாது. கடைப் பெயர் உங்களுடையது, பலகையில் அச்சடித்தது நீங்கள் என்பதெல்லாம் அங்கே செல்லாது.

அதனால் தளத்தை யார் வேண்டுமானாலும் செய்யட்டும், பெயரை நீங்களே பதியுங்கள். உரிமையாளர் (ரெஜிஸ்ட்ரன்ட்) என்ற இடத்தில் உங்கள் பெயர், உங்கள் மின்னஞ்சல். அந்த மின்னஞ்சல் உங்கள் டொமைனிலேயே முடிவதாக இருக்கக்கூடாது. பெயர் காலாவதியானால் மின்னஞ்சலும் நின்றுவிடும், "காலாவதியாகிவிட்டது" என்ற எச்சரிக்கை எங்கே வந்து சேரும்? ஒரு சாதாரண ஜிமெயில் போதும், ஆனால் நீங்கள் தினமும் திறப்பதாக இருக்கட்டும். கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு குறியீடும் கேட்கும் இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போடுங்கள். அதற்குத் தரும் மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி, காணி உறுதி இருக்கும் அலுமாரியிலேயே வையுங்கள். வேலை செய்யும் தம்பிக்குக் கடவுச்சொல்லைக் கொடுக்கத் தேவையில்லை. அவர் சொல்லும் பெயர்ச் சேவையக முகவரிகளை (பெயரைத் தட்டுபவரைத் தளத்துக்கு வழிகாட்டும் நேம்சேர்வர்கள்) நீங்களே உள்ளே போட்டால் முடிந்தது. மாற்றம் எல்லா இடத்துக்கும் பரவ 48 மணித்தியாலம் வரை எடுக்கலாம்.

ஏற்கெனவே தம்பியின் கணக்கில் மாட்டிக்கொண்டவர்கள், அவர் வாட்ஸ்அப்பில் பேசும் நிலையில் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். எளிய வழி, அதே நிறுவனத்தில் நீங்களும் கணக்குத் திறந்து, அவர் அங்கிருந்து உங்கள் கணக்குக்குத் தள்ளிவிடுவது. சில நிமிட வேலை.

புதுப்பிப்புக்கு வருவோம். தானியங்கிப் புதுப்பிப்பைப் போட்டுவையுங்கள், ஆனால் அதை முழுதாக நம்பாதீர்கள். அட்டை காலாவதியானால் அதுவும் நின்றுவிடும். டொட் கொம் போன்றவற்றுக்கு, முடிவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும், முடிந்து 5 நாளுக்குள்ளும் நிறுவனம் அறிவித்தல் அனுப்பியாக வேண்டும் என்பது ஐகானின் விதி. அதையும் தவறவிட்டால் தளம் நிற்கும். கொஞ்ச நாள் பழைய விலையிலேயே மீட்கச் சில நிறுவனங்கள் விடும், நாள் கணக்கு ஒவ்வொன்றிலும் வேறு. அதன்பின் 30 நாள் மீட்புக் காலம், அப்போது பல மடங்கு தண்டம் கேட்பார்கள். அதுவும் போனால் 5 நாளில் பெயர் அழிந்து, யாரும் எடுக்கலாம் என்றாகிவிடும். நல்ல பெயர்களுக்காக இயந்திரம் வைத்துக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

பாசிக்குடாக்காரருக்கு ஒரு யோசனை. எங்கள் கரையில் ஏப்ரலில் இருந்து செப்டெம்பர் வரை சீசன், கையில் காசு இருக்கும். மாரி தொடங்கினால் அறைகள் காலி, கரண்டும் வந்து வந்து போகும். பெயர் டிசம்பரில் முடிகிறதென்றால் ஓகஸ்டிலேயே புதுப்பித்துவிடுங்கள். முன்கூட்டிக் கட்டுவதால் நாள் குறையாது, இருக்கும் முடிவுத் திகதிக்கு மேல்தான் வருடம் கூடும்.

பதிந்த பிறகு விசித்திரமான கடிதங்கள் வரும். "சீனாவில் ஒரு கம்பனி உங்கள் பெயரைப் பதியப் பார்க்கிறது, உடனே எங்களிடம் வாங்குங்கள்" என்பது பழைய தந்திரம். பதில் எழுதாமல் அழியுங்கள். புதுப்பிப்புக் கட்டணம் என்று எது வந்தாலும் அதிலுள்ள இணைப்பைத் தொடாமல், முகவரியை நீங்களே தட்டி உங்கள் கணக்குக்குள் போய்த் திகதியைப் பாருங்கள்.

விலை பிடிக்காமல் வேறு நிறுவனத்துக்கு மாற நினைத்தால் அதுவும் முடியும். புதிதாகப் பதிந்து 60 நாள் ஆகியிருக்க வேண்டும். பழைய இடத்தில் பெயர் வெளியே போகாமல் தடுக்கும் பூட்டைத் திறந்து, மாற்றுக் குறியீட்டை எடுத்து, புதிய இடத்தில் போட்டுக் காசு கட்டினால் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் வந்துவிடும். டொட் கொம்முக்கு அந்தக் காசுக்கு ஒரு வருடமும் கூடும். சீசன் நடுவில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். தொடங்கும் முன் பழைய கணக்கில் இருக்கும் டிஎன்எஸ் பதிவுகள் (தளமும் மின்னஞ்சலும் எந்தச் சேவையகத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லும் வரிகள்) அத்தனையையும் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், குறிப்பாக மின்னஞ்சலுக்கான எம்எக்ஸ் வரிகளை. பழைய நிறுவனத்தின் சேவையகத்திலேயே அவை இருந்தால், பெயர் போனதும் அவையும் போகலாம். தளம் நின்றால் யாராவது போன் எடுத்துச் சொல்வார்கள், மின்னஞ்சல் நின்றால் ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.