சோப் பிழைச் செய்தியை ஒரே இடத்தில் அடக்கியது

எங்கள் சோப் (எக்ஸ்எம்எல் வடிவில் செய்தி பரிமாறும் நெறிமுறை) சர்வீஸில் எது உடைந்தாலும் டேட்டாபேஸ் டேபிள் பெயரோடு பிழைச் செய்தி கிளையன்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. மெத்தடுக்கு மெத்தட் ட்ரை கேட்ச் (பிழையைப் பிடிக்கும் கோட்) போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. நாளை புது மெத்தட் வந்தால் மறுபடி ஓட்டை. சர்வீஸ் ஓடுவது அப்பாச்சி சிஎக்ஸ்எஃப் என்ற ஜாவா வெப் சர்வீஸ் ஃப்ரேம்வொர்க்கில் என்பதால், செய்தி போகும் வழியில் குறுக்கிடும் இன்டர்செப்டர் ஒன்று எழுதினேன்.

அதை, வழக்கமான பதில் வெளியே போகும்போது ஓடும் சாதாரண அவுட் வரிசையில் சேர்த்துப் பயனில்லை. பிழைக்கென்று அவுட் ஃபால்ட் வரிசை தனியாக இருக்கிறது. அந்த வரிசை கட்டம் கட்டமாக ஓடும்; எந்தக் கட்டம் என்பதுதான் முக்கியம்: ஃபால்ட், அதாவது சோப் பிழைப் பதில், எக்ஸ்எம்எல்லாக எழுதப்படுவது மார்ஷல் கட்டத்தில். அதனால் அதற்கு முந்தைய ப்ரீ ஸ்ட்ரீமில் வைத்தேன். உள்ளே, மெசேஜிலிருந்து எக்செப்ஷனை (கோடில் எழுந்த பிழையை) எடுத்து மூலக் காரணத்தைப் பார்க்கிறேன். நாமே எறிந்த வகை என்றால் அதன் வாசகம் அப்படியே போகும். மற்றதற்கெல்லாம் பொதுவான ஒரு வரியும் தேடல் எண்ணும் மட்டும். முழு ஸ்டாக் ட்ரேஸ் (பிழை கோடில் எந்த வழியாக வந்தது என்ற தடம்) அதே எண்ணோடு லாகில் விழுகிறது. இப்போது கிளையன்ட் எண்ணைச் சொன்னால் போதும், கோளாறை உடனே பிடித்துவிடலாம்.