சென்னைக் கணக்கு வேலூருக்கு உதவாது

வேலூரிலிருந்து சர்வதேச விண்வெளி நிலையம் மாலை வானில் வெள்ளியையோ வியாழனையோ ஒட்டிக் கடப்பதைப் பார்க்க வேண்டுமானால், நிலையம் கடக்கும் நேரத்தைக் கணித்துச் சொல்லும் செயலியில் ஊரைச் சென்னை என்று விட்டுவைக்காதீர்கள். வேலூர் என்று மாற்றுங்கள். உங்கள் மொட்டைமாடியையே வரைபடத்தில் தொட்டுக் குறித்தால் இன்னும் நல்லது.

கோள்கள் கோடிக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருப்பவை. மெரினாவிலிருந்து பார்த்தாலும் காட்பாடியிலிருந்து பார்த்தாலும் அதே நட்சத்திரங்களுக்கு நடுவில்தான் தெரியும். நிலையமோ சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. சென்னையிலிருந்து நேர்கோட்டில் 120 கிலோமீட்டருக்கு மேல் மேற்கே இருக்கும் நமக்கு, உச்சிவானில் அது 15 பாகைக்கும் மேல் விலகித் தெரியலாம். நீட்டிய கையில் ஒன்றரை முஷ்டி அகலம்! வேலூரில் பார்த்த கணக்கை எடுத்துக்கொண்டு காவலூர்ப் பக்கம் மலையேறினாலும் இதே கதைதான். சுற்றுப்பாதையை அவ்வப்போது உயர்த்துவார்கள் என்பதால், கணிப்பை அன்று மாலை ஒருமுறை புதுப்பித்துக்கொள்வதும் அவசியம்.

நிலையத்தை மட்டும் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு இந்தக் கவலையே வேண்டாம். சென்னை நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே மாடிக்கு வந்துவிட்டால் சரி. கோள் அடிவானத்தை ஒட்டி இருந்தால் விலகல் குறையும்தான், ஆனால் நம் ஊரில் அங்கே குன்று நிற்கும்.