லீவில் ஊருக்கு வருகிறீர்களா? விசாத் தாளை ஒருமுறை வாசியுங்கள்

வெள்ளவத்தையில் டிக்கெட் போடும் வேலையில் இருக்கிறேன். ஆட்கள் மாறுகிறார்கள், பிழை மட்டும் மாறுவதில்லை. விசிட் விசாவில் வேலைக்குப் போகாதே, பாஸ்போட்டில் ஆறு மாதம் வைத்திரு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விடுவோம். முதலாளியின் விசாவில் வளைகுடாவில் வேலை செய்து, முதல் தடவை லீவில் வரும் பிள்ளைகளுக்குத்தான் இது.

நாள் எப்போது எண்ணத் தொடங்கும்?

சவூதியிலிருந்து லீவில் வர கம்பனி ‘குரூஜ் அவ்தா’, அதாவது போய்த் திரும்பும் விசா, எடுத்துத் தரும். அது இரண்டு விதமாக வரும். 60, 90, 120 நாள் என்று காலம் போட்டு வந்தால், எடுத்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் புறப்படலாம், நாள் கணக்கு நீங்கள் புறப்பட்ட அன்றுதான் தொடங்கும். இன்ன திகதிக்கு முன் திரும்ப வேண்டும் என்று போட்டு வந்தாலோ, கணக்கு விசா எடுத்த அன்றே ஓடத் தொடங்கிவிடும். நீங்கள் இன்னும் ரியாத்தில் டியூட்டி பார்த்துக்கொண்டிருந்தாலும் சரி.

கொட்டாஞ்சேனைப் பொடியன் ஒருவன் தங்கையின் கல்யாணத்துக்கு வந்தான். “அண்ணா, ரெண்டு மாசம் இருக்கு, கடைசி வாரத்துக்குப் போடுங்க” என்றான். விசாவைக் காட்டச் சொன்னேன். போனில் இல்லையாம், ரெண்டு மாசம் என்று சூப்பர்வைசர் சொன்னாராம். கம்பனியோ திகதி போட்ட விசாவை, அவன் புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்பே எடுத்து வைத்திருக்கிறது. கட்டுநாயக்கவில் செக்-இன் கவுண்டரில்தான் அவனுக்கு அது தெரிய வந்தது. விசா முடிந்தவனை எந்த விமானத்தில் ஏற்றுவார்கள்? டிக்கெட் காசு போனது. கம்பனியின் விசா வேலைகளைப் பார்க்கும் மந்தூப்புக்குப் போன் அடித்தால் பெருநாள் லீவு. லீவு முடிந்து ஆள் பேசியபோது, அந்த இடத்துக்கு வேறொருவரைப் போட்டாயிற்று என்றார்கள்.

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். விசாத் தாள் அரை நிமிட வாசிப்பு. கல்யாண மண்டபத்துக்கு நாலு தடவை அலைந்தவன், அதை ஒரு தடவை கேட்டு வாங்கவில்லை.

சரி, நாள் போதாது என்று ஊரில் இருக்கும்போதுதான் தெரிகிறது, என்ன செய்வது? நீட்டிக்கலாம், ஆனால் உங்களால் இங்கிருந்து முடியாது. முதலாளிதான் அப்ஷர், முகீம் என்ற சவூதி இணையத் தளங்களில் ஒன்றில் செய்ய வேண்டும், உங்கள் இக்காமாவும் (சவூதி வதிவிட அட்டை) உயிரோடு இருக்க வேண்டும். நீங்கள் சவூதிக்கு வெளியே இருக்கும்போது நீட்டித்தால் கட்டணம் இரட்டிப்பு. அதை உங்கள் சம்பளத்தில் வெட்டப் பார்ப்பார்கள். சவூதித் தொழிற்சட்டத்தின் 40ஆம் பிரிவு, போய்த் திரும்பும் விசாவின் கட்டணம் முதலாளியுடையது என்கிறது. ஆனால் லீவை நீட்டச் சொல்லிக் கேட்டது நீங்கள் என்றால் இந்தப் பேச்சை மெதுவாகத்தான் எடுக்க வேண்டும்.

கேட்கும் நாளையும் பாருங்கள். சவூதியில் வெள்ளியும் சனியும் லீவு, இங்கே சனியும் ஞாயிறும். வியாழன் மத்தியானத்தைத் தவறவிட்டால் அங்கே ஞாயிற்றுக்கிழமைதான் ஆள் கிடைக்கும்.

குரூஜ் நிஹாயி

இது ஒரேயடியாக வெளியேறும் விசா. திரும்பிப் போக வேண்டுமென்றால் புது வேலை விசாதான். அரபில் நீட்டிய தாளில் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டு, லீவு என்று நினைத்து வந்தவர்கள் இருக்கிறார்கள். டிக்கெட் எடுக்க முன் தாளைப் படம் எடுத்து, அரபு தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

ஹிஜ்ரித் திகதி

இக்காமாவில் ஹிஜ்ரித் திகதி இருந்தால் ஆங்கிலத் திகதிக்கு மாற்றிப் பாருங்கள். ஹிஜ்ரி வருடம் ஏறக்குறைய 11 நாள் குறைவு.

பணியகப் பதிவு

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகப் பதிவு முடிந்திருந்தால், சவூதி விசா எவ்வளவு நன்றாக இருந்தாலும் கட்டுநாயக்கவில் மறிப்பார்கள். லீவின் முதல் வாரத்திலேயே புதுப்பியுங்கள்.

அமீரகம்

ஆறு மாதத்துக்கு மேல் வெளியே நிற்காதீர்கள்.

கடைசி நாள் டிக்கெட்

விசா முடியுமுன் அங்கே இமிகிரேஷனைத் தாண்டியிருக்க வேண்டும், கொழும்பிலிருந்து கிளம்பினால் மட்டும் போதாது. இரவு விமானம் துபாயிலோ தோஹாவிலோ தாமதித்தால் திகதி மாறிவிடும். குறைந்தது நாலு நாள் மிச்சம் வைத்துப் போடச் சொல்லுங்கள். நான் கேளாமலே அப்படித்தான் போடுவேன், அதற்காகச் சண்டைக்கு வருபவர்களும் உண்டு.