ஒரு தெரு போதும்

3 முதல் 6 வயதுக் குழந்தைக்கு ஊர் முழுவதையும் சுற்றிக்காட்ட வேண்டாம். ஒரு தெரு போதும். நடையின் வேகத்தைக் குழந்தையே தீர்மானிக்கட்டும். தாளும் மெழுகு வண்ணக்குச்சியும் எடுத்துக்கொள்ளுங்கள். நடைபாதையில் உள்ள பாதாளச் சாக்கடை மூடியின் மேல் தாளை விரித்து, குச்சியைப் படுக்கவைத்துத் தேய்த்தால் கோடுகளும் எழுத்துகளும் அப்படியே பதியும். மூடி ஏன் வட்டமாக இருக்கிறது என்று கேளுங்கள். விடையை உடனே சொல்லிவிடாதீர்கள். (வட்ட மூடியை எப்படித் திருப்பினாலும் குழிக்குள் விழாது, சதுரமானது சாய்த்தால் விழுந்துவிடும். வீட்டில் அட்டையை வெட்டிப் பார்க்கலாம்.)

தபால்காரரோ துப்புரவுப் பணியாளரோ எதிர்ப்பட்டால், குழந்தையே வணக்கம் சொல்லிக் கேள்வி கேட்கட்டும். இதில் மட்டும் தயவுசெய்து முந்திக்கொள்ளாதீர்கள். வீடு திரும்பிக் கை கழுவியதும், போன வழியை வரையச் சொல்லுங்கள். படத்தில் மூடி வீட்டைவிடப் பெரிதாக இருந்தாலும் திருத்த வேண்டாம்.