மேசை ஐபி ஃபோனுக்கு நிலையான முகவரி அமைக்கும் முறை

மதுரை விளக்குத்தூண் பக்கத்து ஜவுளி மொத்தக் கடையானாலும் கப்பலூர் தொழிற்பேட்டையின் ஆலை அலுவலகமானாலும், பழைய இன்டர்காமை எடுத்துவிட்டு, கணினி நெட்வொர்க் வழியாகப் பேசும் ஐபி ஃபோன் வைப்பவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது, ஒவ்வொரு ஃபோனுக்கும் எந்த ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண்) என்பதைத்தான். பொத்தான்களைத் தட்டுவது சில நிமிட வேலை. முகவரியைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் வரும் தொல்லையோ மாதக்கணக்கில் நீடிக்கும்.

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, டிஹெச்சிபி என்னும் வசதி எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை முகவரிகளைத் தானாக வழங்குகிறது என்று பாருங்கள். ரவுட்டர் 192.168.1.1 என்றும், தானாக வழங்கும் வரம்பு 192.168.1.100 முதல் 192.168.1.199 வரை என்றும் வைத்துக்கொள்வோம். ஃபோன்களுக்கு இந்த வரம்புக்கு வெளியே உள்ள எண்களையே ஒதுக்க வேண்டும். வரம்புக்குள் ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டால் சில நாள் எல்லாம் சரியாகவே நடக்கும். மின்தடைக்குப் பின் ரவுட்டர் மீண்டும் இயங்கும்போது, அதே எண்ணைக் கணக்குப்பிள்ளையின் கணினிக்கோ வந்தவர் ஒருவரின் கைப்பேசிக்கோ அது வழங்கிவிடக்கூடும். அப்போது இரண்டு கருவிகளும் மாறி மாறித் துண்டிக்கப்படும். பழி ஃபோன்மேல் விழும். உள் எண் 21 உள்ள ஃபோனுக்கு 192.168.1.21 என்று கொடுப்பது என் பரிந்துரை, பின்னாளில் பழுது பார்ப்பவருக்கு அது பெரிய உதவி. தேர்ந்தெடுத்த எண்ணில் வேறு கருவி இருக்கிறதா என்று கணினியிலிருந்து பிங் கட்டளையால் சோதித்து, பதில் வந்தால் அந்த எண்ணை விட்டு வேறு எண்ணை எடுங்கள். அணைத்து வைத்திருக்கும் கருவி பதில் தராது என்பதால், பிங்கை மட்டும் நம்பாமல் ஒதுக்கிய எண்களின் பட்டியலையும் எழுதி வைப்பது அவசியம்.

நெட்வொர்க் சுவிட்சிலிருந்து (கருவிகளைக் கேபிளால் இணைக்கும் பெட்டி) வரும் கேபிளை ஃபோனின் பின்புறத்தில் லேன் அல்லது இன்டர்நெட் என்று குறித்த துளையில் செருகுங்கள்; பிசி என்று குறித்த துளை கணினிக்கு உரியது. பிஓஇ வசதியுள்ள சுவிட்ச் என்றால் மின்சாரமும் அதே கேபிளில் வந்துவிடும். இல்லையென்றால் அடாப்டர் வேண்டும்.

மெனுவின் பெயர்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் சற்று மாறும். பொதுவாக செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு, நெட்வொர்க் என்று சென்றால், நிர்வாகிக் கடவுச்சொல்லைக் கேட்டபின் ஐபிவி4 பகுதி திறக்கும். அங்கே டிஹெச்சிபியை ஸ்டாட்டிக் (நிலையானது) என்று மாற்றி, ஐபி முகவரி 192.168.1.21, சப்நெட் மாஸ்க் 255.255.255.0, கேட்வே (இணையத்துக்குச் செல்லும் வழி, அதாவது ரவுட்டர்) 192.168.1.1 என நிரப்புங்கள். புள்ளி வைக்கப் பெரும்பாலான ஃபோன்களில் நட்சத்திரப் பொத்தானை அழுத்த வேண்டும். பெயர்களுக்கு உரிய முகவரியைத் தேடித் தரும் டிஎன்எஸ் இடத்தில் ரவுட்டரின் முகவரியையோ கூகிளின் 8.8.8.8 என்பதையோ தரலாம். இதைக் காலியாக விட்டால், சர்வரைப் பெயரால் குறிப்பிட்டிருக்கும் ஃபோன் அதைக் கண்டுபிடிக்காது. நெட்வொர்க்கைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்கும் விலான் எண்ணை, நெட்வொர்க் அமைத்தவர் தந்திருந்தால் மட்டும் இடுங்கள்.

கேட்வே இடத்தில், அழைப்புகளை இணைத்துத் தரும் பிபிஎக்ஸின் முகவரியை இட்டுவிடுவது அடிக்கடி நேரும் பிழை. பிபிஎக்ஸ் அதே நெட்வொர்க்கிலேயே இருந்தால் ஃபோன் அதனுடன் இணைந்து பேசவும் செய்யும் என்பதால் பிழை கண்ணில் படாது. இணையத்திலிருந்து எடுக்கும் கடிகார நேரம் மட்டும் தவறாக நிற்கும். பிபிஎக்ஸ் இணையத்தில் இருந்தால் ஃபோன் பதிவே ஆகாது.

சேமித்து, ஃபோனை மறுதொடக்கம் செய்தபின் ஸ்டேட்டஸ் பகுதியில் புதிய முகவரி தெரிகிறதா என்று பாருங்கள். 169.254 என்று தொடங்கும் முகவரி தெரிந்தால் ஃபோன் இன்னும் டிஹெச்சிபியிலேயே இருந்துகொண்டு, பதில் கிடைக்காமல் தானாக ஓர் எண்ணை எடுத்திருக்கிறது என்று பொருள். சரியான முகவரி தெரிந்ததும் இன்னோர் உள் எண்ணை அழைத்து, இரு பக்கமும் குரல் கேட்கிறதா என்று சோதியுங்கள். ஃபோன் தயாரிப்பாளர் இட்டு அனுப்பிய நிர்வாகிக் கடவுச்சொல்லை அப்படியே விட்டிருந்தால் அன்றே மாற்றிவிடுங்கள்.

ஃபோன்கள் பத்து, இருபது என்று பெருகினால் ஒவ்வொன்றாகத் தட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஃபோன்களை டிஹெச்சிபியிலேயே விட்டு, அடிப்பக்க ஒட்டுத்தாளில் உள்ள 12 எழுத்து மேக் முகவரியை (ஒவ்வொரு கருவிக்கும் உரிய அடையாள எண்) ரவுட்டரில் பதிந்து, அதற்கென்று ஓர் ஐபியை ஒதுக்கிவிடலாம். பின்னால் எண்களை மாற்ற நேர்ந்தாலும் ஒரே இடத்தில் மாற்றினால் போதும்.