பில்லியன்: சரியாகப் படிக்கவும் எழுதவும்

ஆங்கிலச் செய்திகளிலும் அறிவியல் கட்டுரைகளிலும் அடிக்கடி வரும் பில்லியன் என்ற சொல்லை ‘ஏதோ பெரிய தொகை’ என்று எடுத்துக்கொண்டு மேலே படித்துவிடுகிறவர்கள் பலர். அது துல்லியமான எண்: ஒரு பில்லியன் என்பது நூறு கோடி, அதாவது ஒன்றுக்குப் பின் ஒன்பது சுழியங்கள். ஒரு மில்லியன் வினாடிகள் பதினொன்றரை நாளில் கழிந்துவிடும். ஒரு பில்லியன் வினாடிகள் கழிய 31 ஆண்டுகளுக்கு மேலாகும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் வரும் பிழை ஆயிரம் மடங்கு என்பதால், இதில் கவனம் மிகவும் தேவை.

பில்லியனைக் கோடியாக்க 100ஆல் பெருக்கினால் போதும். தசமப் புள்ளி இருந்தால் அதை இரண்டு இடம் வலப்புறம் நகர்த்த வேண்டும். 2.35 பில்லியன் 235 கோடி ஆகும், 0.7 பில்லியன் 70 கோடி. உலக மக்கள்தொகை 2022 நவம்பர் 15 அன்று 8 பில்லியனை எட்டியதாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்தது. அது 800 கோடி. மில்லியனுக்குப் பத்து லட்சம், டிரில்லியனுக்கு ஒரு லட்சம் கோடி என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

எண் முழுதாக அச்சிடப்பட்டிருக்கும்போது காற்புள்ளிகளைப் பாருங்கள். ஆங்கிலத்தில் 2,350,000,000 என்று மும்மூன்றாகப் பிரித்து எழுதுவதையே நாம் 2,35,00,00,000 என்று எழுதுகிறோம். ஆங்கில முறையில், வலமிருந்து எண்ணி வரும் மூன்றாவது காற்புள்ளிக்கு இடப்பக்கம் நிற்பதுதான் பில்லியன். இங்கே அது 2. இதைப் பழகிக்கொண்டால் சுழியங்களை விரல் வைத்து எண்ண வேண்டியதில்லை.

வாக்கியத்தில் பயன்படுத்தும்போது பெரும்பாலும் பிழை நேர்வது பன்மையில்தான். முன்னால் எண் வந்தால் பில்லியன் மாறாது: ‘டூ பில்லியன் பீப்பிள்’ என்பதே சரி, ‘டூ பில்லியன்ஸ் பீப்பிள்’ என்பது தவறு. ‘செவரல்’ முன்னால் வந்தாலும் பொதுவாக இதே விதிதான். எண் எதுவும் சொல்லாமல், கணக்கற்ற மிகுதியைக் குறிக்கும்போது மட்டும் ‘பில்லியன்ஸ் ஆஃப் ஸ்டார்ஸ்’ என்று பன்மையும் ‘ஆஃப்’ என்ற சொல்லும் சேர்ந்து வரும். பணத்தை ஒரே தொகையாகக் கருதும்போது வினை ஒருமையில் அமையும்: ‘த்ரீ பில்லியன் டாலர்ஸ் இஸ் எ லார்ஜ் சம்’. மக்களைப் பற்றியதானால் ‘ஆர்’ என்றே எழுத வேண்டும். ஆயிரம் தடவை சொல்லிவிட்டேன் என்று நாம் அலுத்துக்கொள்ளும் இடத்தில் ஆங்கிலத்தில் ‘எ பில்லியன் டைம்ஸ்’ என்றும் சொல்வதுண்டு. அது பேச்சுக்குரியது, கட்டுரைக்கு ஒவ்வாது.

‘பில்லியன்த்’ என்ற வடிவத்துக்கு இரண்டு பொருள் உண்டு: வரிசையில் நூறு கோடியாவது என்பது ஒன்று, நூறு கோடியில் ஒரு பங்கு என்பது மற்றொன்று. ஒரு வினாடியில் ‘பில்லியன்த்’ பங்குதான் நானோ வினாடி.

பழைய பிரிட்டிஷ் நூல்களைப் படிப்பவர்கள் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே பில்லியன் என்பது முன்பு மில்லியன் மில்லியனை, அதாவது ஒரு லட்சம் கோடியைக் குறித்தது. அரசின் புள்ளிவிவரங்களில் நூறு கோடி என்ற பொருளே கையாளப்படும் என்று பிரதமர் ஹெரால்ட் வில்சன் 1974இல் நாடாளுமன்றத்தில் உறுதிசெய்தார். ஜெர்மன், பிரெஞ்சு மொழிகளில் இன்றும் பழைய பொருளே வழங்குகிறது. நூறு கோடிக்கு அவர்கள் மில்லியார்ட் வகைச் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். ஆகவே அந்த மொழிகளிலிருந்து வந்த புள்ளிவிவரங்களில் பில்லியன் இருந்தால், மூலத்தை ஒருமுறை சரிபார்த்துவிடுவது நல்லது.

தமிழில் எழுதும்போது பில்லியனை அப்படியே விடாமல் கோடியில் தருவதே வாசகருக்கு உதவும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் மூலத்தில் ‘அபவுட் டூ பில்லியன்’ என்று தோராயமாகச் சொல்லியிருந்தால், நாமும் ‘சுமார் 200 கோடி’ என்றே எழுத வேண்டும். அந்தச் ‘சுமார்’ விடுபட்டால், மூலத்தில் இல்லாத துல்லியத்தை நாமாக ஏற்றிவிட்டவர்கள் ஆவோம்.